அறையா, மேசையா, முகவரியா?: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சிறு தொழில்களுக்கு அலுவலகம் தேடும் முறை

சிறு தொழிலுக்கு இடம் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது “அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு?” என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எட்டாவது மாதத்தில் அந்த இடத்தைக் காலி செய்ய நேர்ந்தால் கையைவிட்டு எவ்வளவு போகும் என்று கேட்பவரைக் காண்பது அரிது. தொழிலின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஆள் கூடும், குறையும். பெரிய ஆர்டர் ஒன்று வந்து இடம் பற்றாமல் போகும், அதே ஆர்டர் நின்று இடம் சும்மா கிடக்கும். அதனால் இந்த அத்தியாயம் இரண்டாவது கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு இடம் தேடச் சொல்கிறது.

வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது விடக்கூடிய அலுவலகம் என்பது பெருநகரங்களில் இன்று தனி வியாபாரம். ரீகஸ் நிறுவனம் 1989-ல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கியது. 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள்காரர், தனித்தனியாக வேலை பார்ப்பவர்கள் கூடி உட்கார ஓர் இடம் பிடித்தார். கோ-வொர்க்கிங் என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. 2010-ல் நியூயார்க்கில் பிறந்த வீவொர்க் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோய், 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரி அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. கட்டட உரிமையாளரிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, மாதக் கணக்கில் துண்டு துண்டாக வாடகைக்கு விடுவது அவர்கள் முறை. உள்ளே இருப்பவர்கள் நினைத்தபோது கிளம்பலாம், நடுவில் இருப்பவர் கிளம்ப முடியாது. நம் ஊரில் யாரிடமாவது மேசை வாடகைக்கு எடுக்கும்போதும் இதை மறக்க வேண்டாம்: அவர் அந்த இடத்துக்கு என்ன உரிமையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் மேசை நிற்கும்.

அரசும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களுக்கு அலுவலக இடம் வாடகைக்குத் தரும் சிறிய டைடல் பூங்காக்கள் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய இடங்களில் 2024-ல் திறக்கப்பட்டன. தனியார் பக்கம் பார்த்தால், ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் போகும்போது, தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-லிருந்து அலுவலகம் நடத்துகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரக் கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கலாம் என்பதை அது காட்டிவிட்டது. அதைப் பார்த்து “நாமும் கிராமத்தில் போடலாமே” என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெரிய நிறுவனம் தனக்கு வேண்டிய வசதியைத் தானே கட்டிக்கொள்ளும். மூன்று பேர் உள்ள தொழில், ஏற்கெனவே வசதி இருக்கிற இடத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

நம் இரண்டு ஊரிலும் இந்த ஏற்பாடு வேறு வடிவத்தில் பல காலமாக இருந்து வருகிறது. ஆடிட்டர் அலுவலகத்தின் ஓரத்தில் ஒரு மேசை, மூத்த வக்கீலின் முன்னறையில் ஜூனியர்கள், மொத்தக் கடையின் மாடியில் ஏஜென்சிக்காரர், பதிவு அலுவலகத்துக்கு எதிரில் பத்திர எழுத்தரும் ஜெராக்ஸ்காரரும் பங்குபோட்ட கடை. பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது, எழுத்தில் ஒன்றும் கிடையாது. எழுத்தில் இல்லாததுதான் அதன் பலவீனம். அதைச் சரிசெய்தால் நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை என்பது என் எண்ணம்.

முதலில் மூன்றாகப் பிரியுங்கள்

‘அலுவலகம்’ என்று ஒரே சொல்லில் நாம் தேடுவது பெரும்பாலும் மூன்று வேறு தேவைகளை. பதிவுகளுக்கு ஒரு முகவரி. உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு மேசை. சரக்கு வைக்கவோ செய்யவோ ஓர் இடம். மூன்றையும் ஒரே கூரையின் கீழ் எடுப்பதால்தான் சிறு தொழில்கள் தேவைக்கு மேல் வாடகை கட்டுகின்றன.

முகவரியிலிருந்து தொடங்கலாம். ஜிஎஸ்டி பதிவுக்குச் சொந்த வீட்டு முகவரி போதும். வீடு அப்பா பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும், ஈபி பில் அல்லது வீட்டுவரி ரசீதும் வேண்டும். வாடகை இடமென்றால் ஒப்பந்த நகல். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது; யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவுச் சான்றிதழை உள்ளே மாட்டி வைக்க வேண்டும், ஜிஎஸ்டி எண்ணை நுழைவாயில் பலகையில் எழுத வேண்டும் என்பது விதி. அதிகாரி நேரில் பார்க்க வந்தால் பலகையைத்தான் முதலில் தேடுவார். அதனால் முகவரி தருகிறேன் என்கிறவரிடம் “பலகை மாட்டிக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். தயங்குகிறார் என்றால் அந்த முகவரி உங்களுக்கு உதவாது. பலகை தமிழிலும் இருக்க வேண்டும், தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் மாநில விதி.

முகவரிக்கு இன்னொரு குணம் உண்டு: அடிக்கடி மாற்றக் கூடாதது அது. மேசையை மாதாமாதம் மாற்றலாம், யாருக்கும் தெரியாது. முகவரியை மாற்றினால் ஜிஎஸ்டி, வங்கி, உத்யம், பில் புத்தகம், பெட்டி அட்டை என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆகவே எது நிலையாக இருக்குமோ அங்கே முகவரியை வையுங்கள். பலருக்கு அது வீடுதான். வீட்டு முகவரி போட்டால் மரியாதை குறையும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுக்கிற வாடிக்கையாளர் பில்லில் எண் சரியா என்று பார்ப்பாரே தவிர, தெருப் பெயரைப் பார்ப்பதில்லை.

மேசை வேறு விஷயம். எத்தனை பேர் தினமும் வருவார்கள், எத்தனை பேர் வாரத்தில் இரண்டு நாள் வருவார்கள் என்று ஒரு மாதத்துக்கு எழுதி வையுங்கள். கணக்கெழுதுகிறவர் பகுதி நேரம், விற்பனைப் பையன் எப்போதும் வெளியே, நீங்கள் பாதி நாள் மில்லிலோ நெசவுக் கூடத்திலோ. ஐந்து பேர் நிறுவனத்துக்கு மூன்று மேசை தாராளம். எத்தனை மேசை போட்டாலும் நாற்காலி குறையக் கூடாது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் உட்கார வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது.

மூன்றாவது, சரக்கும் செய்யும் இடமும். இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு, தபாலிலும் கூரியரிலும் வெளியூருக்கு அனுப்புகிற ஆசை பலருக்கு வந்திருக்கிறது. ஆர்டர் எடுக்கிற மேசை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் கிண்டுகிற, பொதிகிற இடத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும், அந்தப் பதிவு அந்த இடத்தோடு ஒட்டியது. இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி, காஸ் துணி செய்கிறவர்களுக்கும் இதே கதைதான்: மருத்துவப் பயன்பாட்டுக்கான உரிமமும் செய்யும் இடத்தோடு ஒட்டியதுதான். எனவே செய்யும் இடத்துக்கு நீண்டகால ஒப்பந்தம், மேசைக்குக் குறுகிய ஒப்பந்தம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அலங்காரமான முன் அலுவலகத்துக்கு மூன்று வருடம் எழுதிக் கொடுத்துவிட்டு, கிடங்கை வாய்ச்சொல்லில் வைத்திருக்கிறார்கள்.

கிடங்கு வேறு இடத்தில் இருந்தால், ஜிஎஸ்டியில் அதைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காத கிடங்கில் சரக்கு இருப்பது ஆய்வில் சிக்கல்.

ராஜபாளையமா, ஸ்ரீவில்லிபுத்தூரா?

பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாத இரண்டு ஊர்கள். இரண்டிலும் ரயில் நிலையம், இரண்டிலும் பொதிகை எக்ஸ்பிரஸ் நிற்கும். வாடகை வித்தியாசத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களைத் தேடி யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

ராஜபாளையம் ஆலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையிலிருந்து வளர்ந்த ராம்கோ குழுமம், சுற்றிலும் சிறு பெரு மில்கள், சத்திரப்பட்டியின் விசைத்தறிகள், தளவாய்புரத்தின் நைட்டித் தையல் கூடங்கள் என்று உற்பத்திதான் ஊரின் உயிர். நூல் வியாபாரம், இயந்திர உதிரிபாகம், லாரி புக்கிங், பேக்கிங் சாமான், மில்களுக்குக் கணினிச் சேவை, ஏற்றுமதி ஆவண வேலை என்றால் ராஜபாளையம்தான். பஞ்சு மார்க்கெட் பக்கமும் தென்காசி சாலையிலும் இடம் விலை கூடுதல். கண்ணில் படுவதால் விற்கும் தொழிலுக்குத்தான் அங்கே கொடுக்கிற பணம் திரும்ப வரும். போனில் ஆர்டர் எடுக்கிறவர் முக்கிய சாலை முகப்புக்குப் பணம் கொடுப்பது வீண். டி.பி. மில்ஸ் சாலையை ஒட்டிய உள்தெருக்களிலோ, முடங்கியார் சாலைப் பக்கமோ மாடியில் அறை தேடட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேறு சாயல். விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் இருப்பது மாவட்டத் தலைநகரில் அல்ல, இங்கே. அதனால் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், தட்டச்சு, ஜெராக்ஸ், நில அளவையர், சொத்து மதிப்பீட்டாளர் என்று ஒரு முழுச் சந்தை நீதிமன்றத்தைச் சுற்றி வாழ்கிறது. நிலம், கடன் மீட்பு, காப்பீடு, ஆவணம் தொடர்பான தொழிலென்றால் இங்கே ஒரு மேசை போதும்; வாடிக்கையாளர் தானே வருவார். இன்னொரு பக்கம் ஆண்டாள் கோயில். பக்தர்கள், பால்கோவா, தங்கும் விடுதி, பயண ஏற்பாடு. கோயிலைச் சுற்றிய தேர் வீதிகளில் இடம் எடுப்பவர்கள் ஆடிப்பூரத்தை நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். தேரோட்ட நாளிலும் அதற்கு முன்னும் பின்னும் லாரி உள்ளே வராது, கூரியர் பையன் வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவான். பண்டம் விற்கிறவருக்கு அது அறுவடை. தினம் பத்துப் பெட்டி அனுப்ப வேண்டியவருக்குத் தலைவலி.

கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி. படித்து முடித்த இளைஞர்களை வேலைக்கு எடுக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் வைக்கலாம். புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறவர் என்றால், வாடகைக்கு இடம் தேடுமுன் பல்கலைக்கழகத்தின் தொழில் முனைவோர் வளர்ப்பு மையத்தைப் போய்ப் பாருங்கள். ஜவுளி ஏஜென்சிக்காரருக்கு அங்கே வேலையில்லை.

கூட்டம் நடத்த மட்டும் இடம் வேண்டுமா? அதற்காக மாதம் முழுக்கப் பெரிய அறைக்கு வாடகை கட்டாதீர்கள். லாட்ஜ்களின் சிறு அரங்கு, சங்கக் கட்டடங்கள், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் எல்லாம் முகூர்த்தமில்லாத நாளில் பேசினால் படியும்.

காகிதம்

“ஒப்பந்தமெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நமக்குள்ள என்ன?” என்று கட்டட உரிமையாளர் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். “உங்கள நம்பாம இல்ல, ஜிஎஸ்டி ஆபீஸ்ல கேக்காங்க” என்று பதில் சொல்லிவிடுங்கள்; அது உண்மையும்கூட.

தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வீட்டுக்கு மட்டுமல்ல, கடைக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்துத்தான். வாடகை எழுத்தில் இருக்க வேண்டும், அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு இணையதளம் இருக்கிறது. பதியாத ஒப்பந்தம் வழக்கு என்று வந்தால் கைகொடுக்காது. வேறு விதமாக ஒத்துக்கொண்டு எழுதினால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்த பிறகு, பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நம் பக்கம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கம்; “சட்டம் மூன்று மாதம் என்கிறது” என்று சண்டை போட வேண்டாம், பேரத்தில் அதைச் சொன்னால் ஐந்தாறு மாதத்துக்கு இறங்கும்.

பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பத்திரமாகப் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கப் பிறந்த பழக்கம் பதினொரு மாதம். சிறு தொழிலுக்கு அது நன்மைதான், குறைந்த காலம் கட்டுப்பட்டால் போதும். ஆனால் பதினொரு மாதம் எழுதினால் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேறு, இது வேறு. மேலும் வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்வது நகர்ப் பகுதிகளுக்கான சட்டம். ஊராட்சி எல்லைக்குள் ஷெட் எடுப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் எத்தனை வரி இருந்தாலும் உங்களுக்கு முக்கியமானவை சிலதான். எத்தனை மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம்? இரண்டு மாதத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? வாடகை எப்போது, எத்தனை சதவீதம் ஏறும்? நீங்கள் போடுகிற தடுப்பு, ஏசி, வயரிங் போகும்போது யாருக்கு? உள்ளே இன்னொருவருக்கு மேசை கொடுக்கலாமா? கடைசிக் கேள்வி முக்கியம். எழுத்தில் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். உங்கள் வாடகையில் பாதியை ஒரு நண்பர் ஏற்றுக்கொள்ள வருகிறார் என்றால் ஒரு வரி எழுதி உரிமையாளர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

தென் மாவட்டங்களில் அதிகம் கேட்கிற இன்னொரு ஏற்பாடு ஒத்தி. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்தால் வாடகை கிடையாது, இரண்டு மூன்று வருடம் கழித்துத் தொகை திரும்ப வரும். ‘வாடகையே இல்லை’ என்பது காதுக்கு இனிக்கும். தொழில் செய்கிறவர் இதற்குள் போகக் கூடாது என்பேன். நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் சுற்ற வேண்டிய பணம் கட்டடத்துக்குள் போய் உறைந்துவிடுகிறது. காலி செய்யும்போது, அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் உரிமையாளரால் உங்கள் பணத்தைக் கொடுக்க முடியும். கிடைக்காவிட்டால் நீங்கள் வேண்டாத கட்டடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குமேல், ஒத்தியும் அடமானம்தான். பதிவு செய்யாத வெள்ளைத்தாள் எழுத்துக்கு மதிப்பில்லை. ஏற்கெனவே வங்கியில் அடமானமாக இருக்கிற கட்டடத்தை ஒத்திக்கு விடுவதும் நடக்கிறது, வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பஜார்க் கடைகளுக்குக் கேட்கிற பகடிப் பணம் இதைவிட மோசம்: அது திரும்பியே வராது, ரசீதும் கிடையாது.

வாடகைக்கு ஜிஎஸ்டி பற்றி ஒரு விஷயம், இது பலருக்கு இன்னும் எட்டவில்லை. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாத உரிமையாளரிடம் பதிவு உள்ளவர் வணிக இடத்தை வாடகைக்கு எடுத்தால், 18 சதவீத வரியை வாடகைதாரரே அரசுக்குக் கட்ட வேண்டும். மாத வாடகை 9,000 என்றால் 1,620. பணமாகத்தான் கட்ட வேண்டும். பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. நீங்கள் விற்கும் பொருளே வரிவிலக்கு உள்ளது என்றால் அந்த 18 சதவீதம் திரும்பாது, அதையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

ஈபி கார்டு, கரண்ட், இணையம்

இடத்தைப் பார்க்கப் போனதும் ஈபி கார்டைக் கேளுங்கள். எந்தக் கட்டணப் பிரிவு என்று அதில் இருக்கும். வீட்டு இணைப்பில் அலுவலகம் நடத்தினால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் கணக்கிட்டுக் கேட்பார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு. உரிமையாளர் பெயரில் வந்தாலும் உங்கள் அட்வான்ஸிலிருந்துதான் கழியும். வக்கீல், டாக்டர் போன்றோர் தம் வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்துக்கொள்வதற்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும். அந்தச் சலுகையை எல்லாத் தொழிலுக்கும் நீட்டிக்க முடியாது.

சத்திரப்பட்டியில் தறிக் கூடத்தின் மூலையிலேயே ஒரு கண்ணாடி அறை போட்டு அலுவலகம் நடத்துவது சகஜம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அந்த இணைப்பில் ஏசியும் கணினியும் ஓடுகிறது என்றால் வீணாக வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். அறைக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். தறிச் சத்தத்தில் போன் பேச முடியாது என்பதையும், பஞ்சுத் தூசி கணினியின் உள்ளே அடையும் என்பதையும் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலையிலிருந்து பிற்பகல் வரை கரண்ட் இருக்காது. அந்தப் பகுதிக்கு எந்த நாள் என்று கேட்டு, இடத்தைப் பார்க்க அன்றைக்கே போங்கள். பொது இன்வர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது, ரவுட்டர் அதில் இணைந்திருக்கிறதா, மோட்டார் ஓடாவிட்டால் கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா என்று எல்லாம் தெரிந்துவிடும். ஃபைபர் இணையம் ‘வரும்’ என்று சொன்னால் போதாது; அதே கட்டடத்தில் யாராவது வைத்திருக்கிறார்களா, பழுது பார்க்க ஆள் எத்தனை நாளில் வருகிறார் என்று அவர்களிடமே கேளுங்கள். இரண்டாவதாக வேறு கம்பெனி சிம் ஒன்று இருக்கட்டும். கான்கிரீட் மாடிக்கு நடுவில் உள்ள அறைகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு, போனை எடுத்துக்கொண்டு மூலை மூலையாக நடந்து பாருங்கள்.

கழிப்பறை பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய பஜார்க் கட்டட மாடிகள் பலவற்றில் அது கிடையாது, இருந்தாலும் கீழே கடைக்காரர்களோடு பொது. அங்கே பெண் ஊழியர் ஒரு மாதம்கூட நிற்க மாட்டார், நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று இந்த இடத்தை எடுத்து, மாதாமாதம் ஆள் தேடுவது நஷ்டம். சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் எப்போது என்பதும் இதில் சேரும்.

பங்கு மேசை

இன்னொருவர் அலுவலகத்தில் மேசை எடுப்பதுதான் தொடக்கத்தில் மலிவானது. யாரோடு என்பதில் கவனம். ஒரே தொழில்காரர் வேண்டவே வேண்டாம். உங்கள் கட்சிக்காரர் யார், என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். ஆடிட்டர், காப்பீட்டு முகவர், கட்டடப் பொறியாளர் போன்றவர்களோடு சேர்வது நல்லது. அவர்களிடம் வருகிறவர்கள் உங்களையும் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டரிடமே வாடகைதாரராக இருப்பது சங்கடம்: வாடகை பாக்கி வந்தால் கணக்கும் நிற்கும்.

பூட்டுள்ள ஓர் அலமாரி, செக் புத்தகமும் பில் புத்தகமும் அதற்குள். வருகிறவர் உட்கார இடம், அதற்கான நேரம். கரண்ட் பில்லைப் பங்கிடும் விதம். சாவி யாரிடம், ஞாயிற்றுக்கிழமை திறக்கலாமா. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். இடத்தைக் கொடுக்கிறவர் வாடகைதாரரா, உரிமையாளரா என்று கேட்டு, வாடகைதாரர் என்றால் அவருடைய ஒப்பந்த நகலைப் பாருங்கள். அதில் மூன்று மாதம்தான் மீதி என்றால் உங்களுக்கும் மூன்று மாதம்தான்.

மேசையே வேண்டாம், படிக்கவும் யோசிக்கவும் அமைதியான இடம் போதும் என்பவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அங்கே போனில் பேரம் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

வெளியேறும் கணக்கு

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000, தடுப்பும் வயரிங்கும் ஏசியும் மேசையுமாக 70,000 செலவு. எட்டு மாதத்தில் காலி செய்கிறீர்கள். சாமானை விற்றால் 25,000 வரும், 45,000 போயிற்று. இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அந்த இடத்தைப் பயன்படுத்தவில்லை, 18,000. வெள்ளையடிக்க, உடைசல் சரிசெய்ய 5,000 பிடித்துக்கொள்வார். மொத்தம் 68,000. எட்டால் வகுத்தால் மாதம் 8,500. அதாவது 9,000 ரூபாய் இடம் உங்களுக்கு 17,500-க்கு விழுந்திருக்கிறது, அட்வான்ஸ் முடங்கிய வட்டியைச் சேர்க்காமல். அதே எட்டு மாதத்துக்குப் பங்கு மேசை மாதம் 3,500 என்றால் மொத்தமே 28,000.

இதே கணக்கை மூன்று வருடத்துக்குப் போட்டால் நிலை மாறும். 68,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதம் 1,900-க்கும் கீழே. ஆக நீண்டநாள் இருப்பீர்கள் என்று உறுதியானால் சொந்தமாக அறை எடுப்பது சரி. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எட்டு மாதக் கணக்கும் மூன்று வருடக் கணக்கும் இரண்டுமே தாங்கக்கூடியதாக இருந்தால் அந்த இடத்தை எடுக்கலாம்.

அலங்காரச் செலவை எப்போதும் கழற்றி எடுத்துப் போகக்கூடியதாகவே செய்யுங்கள். ஜிப்சம் தடுப்பு அங்கேயே நின்றுவிடும், மர அலமாரியைத் தடுப்பாக நிறுத்தினால் உங்களோடு வரும். இரும்பு மேசைகளை நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டால் உறுதியும் உண்டு, பிறகு விலையும் கிடைக்கும்.

சரக்குக் கிடங்கு தேடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் முன்னோக்கிப் பார்க்க வேண்டும். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரையிலான நான்குவழிச் சாலைத் திட்டம் ஊர்களுக்கு வெளியே போகிறது. லாரி நடமாட்டம் அந்தப் பக்கம் சாயும். ஊருக்குள் நெரிசலான தெருவில் கிடங்குக்கு நீண்டகால ஒப்பந்தம் எழுதுவதைவிட, இரண்டு வருடத்துக்கு எழுதிவிட்டு அந்தச் சாலைப் பக்கம் இடம் தேடிக்கொண்டே இருப்பது நல்லது.

ஐந்து பேருக்குக் குறைவான தொழிலுக்கு என் யோசனை இதுதான்: முகவரியை வீட்டில் வையுங்கள், மேசையைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் எடுங்கள், செய்யும் இடத்துக்கு மட்டும் நீண்டகாலத்துக்கு எழுதுங்கள். ஊர் ராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தின் காலி செய்யும் பிரிவை உரிமையாளரையே சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் அதில் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். இரண்டு ஊரிலும் ‘வாடகைக்கு’ பலகைக்குப் பஞ்சமில்லை.